கண் திறந்த பக்கம்

மலையிலிருந்து தீர்த்தகிரி போளூருக்கு இறங்கும் நாளில் தலையில் புளிக்கூடை இருக்கும், தோளில் காக்கிப் பை தொங்கும். கூடையில் இருப்பது அவருடைய சொந்த மரத்துப் புளி. பையில் இருப்பது டாக்டர் பஞ்சாட்சரத்தின் இங்கிலீஷ். புளியை மண்டியில் கொட்டியதும் கூடை காலியாகிவிடும். பை அப்படியில்லை, ஒரு கட்டைக் கொடுத்தால் இன்னொரு கட்டு வந்து ஏறிக்கொள்ளும். ஜவ்வாது மலைக்கும் போளூருக்கும் நடுவே பல வருடம் ஒரு மருத்துவப் பத்திரிகை இப்படிப் புளியோடு புளியாக ஏறி இறங்கியது என்று சொன்னால் இன்றைக்கு யார் நம்பப் போகிறார்கள்.

மலைப் பஸ்ஸின் கண்டக்டருக்கு அந்தப் பையைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது.

"இன்னா தீர்த்தகிரி, சந்தனக்கட்டயா?"

"பொஸ்தகம்பா."

"இன்னா பொஸ்தகம்?"

"டாக்டருக்குப் படிக்கிறவங்க இருக்காங்க இல்ல? அவங்களுக்குப் பாடம் நடத்தற வாத்தியாருங்களுக்கு, எப்பிடிப் பாடம் நடத்தறதுன்னு சொல்ற பொஸ்தகம்."

"அப்ப அந்த வாத்தியாருங்களுக்கே வாத்தியாரு நீதான்னு சொல்லு. சரி, டிக்கெட்ட எடு."

தீர்த்தகிரி சொன்னது தப்பில்லை. பஞ்சாட்சரம் ஒரு காலத்தில் பெரிய நகரத்து மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். வியாதியைப் பற்றி எழுத ஆயிரம் பத்திரிகை இருக்கிறது, வைத்தியத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று எழுத ஒரு தாள்கூட இல்லை என்பது அவருடைய தீராத குறை. மலைமேல் பலாமரத்தூரில் கல்லூரியின் பயிற்சி நிலையத்தைப் பார்த்துக்கொள்ளக் கேட்டதும், மற்றவர்கள் தண்டனை என்று நினைத்த இடத்துக்கு அவராக ஓடி வந்தார். வந்த வருடமே தட்டச்சு மிஷினையும் கையால் சுற்றி நகல் எடுக்கிற மிஷினையும் வைத்துக்கொண்டு பத்திரிகை ஆரம்பித்துவிட்டார். முதல் இதழ் மழைக்காலத்தில் வந்தது. மை காயாமல் ஒட்டிக்கொண்டு, அஞ்சு பக்கத்தை ஒரே பக்கமாகப் படிக்க வேண்டியிருந்ததாம். அதற்கப்புறம்தான் அச்சுக்குப் போனார்.

அச்சு என்றால் போளூர் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த அப்துல் கய்யூம் பாயின் தகரக் கொட்டகை. கல்யாணப் பத்திரிகை, பீடி லேபிள், சினிமா நோட்டீஸ், இதெல்லாம்தான் பாய்க்குப் பழக்கம். அவரிடம் இங்கிலீஷ் எழுத்து இருந்ததே கொஞ்சம். எட்டுப் பக்கம் கோத்து முடிப்பதற்குள் 'ஈ' எழுத்து தீர்ந்துபோகும். அந்த எட்டுப் பக்கத்துக்கு புரூஃப் எடுத்து, மலைக்கு அனுப்பி, டாக்டர் திருத்தித் திருப்பி அனுப்பி, அடித்து முடித்து, எழுத்துகளைப் பிரித்துப் பெட்டியில் போட்டால்தான் அடுத்த எட்டுப் பக்கம். அதனால்தான் தீர்த்தகிரி ஒவ்வொரு வாரமும் பையைச் சுமக்க வேண்டியிருந்தது. உலகத்தின் ஏதேதோ ஊர் வாத்தியார்கள் படிக்கிற பத்திரிகை, ஓர் எழுத்துப் பஞ்சத்தால் புளிக்காரரின் தோளில் வந்து உட்கார்ந்துகொண்டது.

கட்டை அவர் ஒருமுறைகூடப் பிரித்துப் பார்த்ததில்லை. படிக்கத் தெரியாது என்பது வேறு விஷயம். அடுத்தவர் போட்ட முடிச்சை நடுவழியில் அவிழ்ப்பதில்லை என்பது அந்த ஊர் வழக்கம். தேன் கொடுத்தனுப்பினாலும் சாமை கொடுத்தனுப்பினாலும், முடிச்சைப் பார்த்தால் போட்டவர் கை தெரியும். வாங்குகிறவர் முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் அவிழ்ப்பார். பாய் சணலில் இரட்டை முடிச்சு போடுவார். டாக்டர் சட்டைப் பொத்தான் நூலில் என்னவோ ஒன்று போடுவார், அது பாதி வழியிலேயே அவிழப் பார்க்கும். தீர்த்தகிரி அதைக் கையால் பொத்திக்கொண்டே இறங்குவார்.

*

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை வீடு வீடாகப் பிரித்து விடுவார் டாக்டர். தீர்த்தகிரி வீட்டுக்கு வருஷம் தவறாமல் ஒரு கும்பல் வரும். காரணம், அவர் மனைவி பாஞ்சாலையின் கழுத்து. அவளுக்குக் கல்யாணம் ஆன புதிதிலிருந்தே தொண்டைக்குழிக்கு மேலே ஒரு கழலை உண்டு. மலையில் அது அதிசயமில்லை, வீட்டுக்கு வீடு பார்க்கலாம். பாஞ்சாலையுடையது நல்ல எலுமிச்சம்பழம் கணக்காக உருண்டு திரண்டு, பாடத்துக்கென்றே வாய்த்ததாக இருந்தது. அறுத்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்தார். "கத்தின்னா பயம் சார். அது பாட்டுக்கு இருக்கட்டும், அது என்னிய இன்னா பண்ணுது" என்று முடித்துவிட்டாள்.

கழலையைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. மாணவன் பின்னால் நின்று இரண்டு கை விரல்களையும் கழுத்தில் வைத்துக்கொண்டு, விழுங்கச் சொல்ல வேண்டும். விழுங்கும்போது கழலை மேலேறி இறங்குகிறதா என்று விரல் பார்க்கும். ஒவ்வொரு பிள்ளையும் "எச்சில் முழுங்குங்கம்மா" என்று சொல்லும். பத்துப் பேர் வந்தால் பத்து முறை. எச்சில் வற்றிவிடும் என்று பாஞ்சாலை ஒரு சொம்பில் தண்ணீர் வைத்துக்கொள்வாள்.

"வருசா வருசம் வந்து முழுங்கு முழுங்குன்னு உசுர வாங்குதுங்க" என்பாள் தீர்த்தகிரியிடம். "ஒண்ணு சில்லுன்னு கைய வைக்குது, ஒண்ணு நடுங்குது. போன வருசம் வந்த கண்ணாடிக்காரப் பொண்ணு, தொட்டுட்டு, வலிக்குதாம்மான்னு அதுவே அழுவுது."

"வர வேணாம்னு சொல்லிட்டா போச்சி."

"யாரு சொன்னா வர வேணாம்னு? நீ சும்மா கெட."

அவர்களுக்குக் கேழ்வரகுக் களியும் மொச்சைக் குழம்பும் போடுவாள். முதல் நாள் களியைப் பார்த்து முழிக்கும் பிள்ளைகள் மூன்றாம் நாள் கையை வழித்து நக்கும். கிளம்பும்போது சில பெண்கள் அவள் தோளில் சாய்ந்து அழுவார்கள். பாஞ்சாலை உள்ளே போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவாள். இன்றைக்கு எங்கெங்கோ பெரிய டாக்டர்களாக இருக்கிற எத்தனையோ பேரின் விரல் முதன்முதலாக ஒரு கழலையை உணர்ந்தது அந்த வீட்டு முற்றத்தில்தான்.

எழுபத்தொன்பதாம் வருடம் தை மாதம், டாக்டர் ஒரு கட்டுரை எழுத முடிவு செய்தார். வார்டில் படுத்திருக்கும் நோயாளியிடம் கற்பதற்கும், சோறு போடுகிற வீட்டில் கற்பதற்கும் என்ன வித்தியாசம் என்பதுதான் விஷயம். அதற்கு ஒரு படம் வேண்டும். பாஞ்சாலையிடம் கேட்டார், அவள் சம்மதித்தாள். மாங்காய் பார்டர் போட்ட புதுப்புடவையைக் கட்டி, பெரிய பொட்டு வைத்துக்கொண்டு பலாமரத்தடியில் உட்கார்ந்தாள். அந்த வருடமும் வந்திருந்த கண்ணாடிக்காரப் பெண் பின்னால் நின்று கழுத்தில் விரலை வைத்தாள். கண்ணைச் சிமிட்டக்கூடாது என்று கேமராக்காரப் பையன் சொல்லிவிட்டதால், பாஞ்சாலை கண்ணில் நீர் கோக்கும்வரை விழித்துக்கொண்டிருந்தாள். வேலியோரம் நின்று மகள் செந்தாமரை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

செந்தாமரைக்கு அந்தத் தையில்தான் பரிசம் போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை எட்டிமரத்தூர் சின்னராசு. அவன் அப்பன் சடையன், பாஞ்சாலைக்கு ஒன்றுவிட்ட அண்ணன். வைகாசியில் கல்யாணம். சின்னராசு ஏர் பிடிப்பதில் கெட்டிக்காரன், பேச்சுக் குறைவு, செந்தாமரைக்கு அவனைச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். எல்லாம் கூடி வந்திருந்த நேரம் அது.

*

பங்குனியில் புளி உலுக்கிக்கொண்டிருந்தார்கள். செந்தாமரை கீழே விழுந்ததைப் பொறுக்க, பாஞ்சாலை ஓடு தட்டிக்கொண்டிருக்க, தீர்த்தகிரி மரத்தின் மேலிருந்தார். சடையன் தனியாக வருவதை மேலிருந்தே பார்த்துவிட்டார். சம்பந்தி தனியாக, அதுவும் முன்கூட்டிச் சொல்லாமல் வருவது நல்லதற்கில்லை. கையிலிருந்த கோலைப் போட்டுவிட்டு இறங்கினார்.

"வா மச்சான். இன்னா, திடுதிப்புனு?"

சடையன் உட்காரவில்லை. மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். வெல்லப் பிசுக்கு ஒட்டிய தாள்.

"மனசுல ஒண்ணும் வச்சிக்காத மச்சான். எங்க வூட்டுக்காரி சந்தையில வெல்லம் வாங்கினா. அத மடிச்சிக் குடுத்த தாளு. நீயே பாரு."

தீர்த்தகிரி பார்த்தார். பலாமரம் தெரிந்தது. மாங்காய் பார்டர் தெரிந்தது. கழுத்தும் அதன் மேல் விரல்களும் தெரிந்தன. முகத்தில், கண் இருக்க வேண்டிய இடத்தில், இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும் கறுப்பாக ஒரு பட்டை இருந்தது.

பாஞ்சாலை கையைத் தட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என் பொடவ" என்றாள் முதலில். அப்புறம், "கண்ணு எங்கண்ணே?"

"அதத்தாம்மா நான் கேக்க வந்தேன்."

"சிமிட்டாம புடிச்சிகினு இருந்தேனே."

செந்தாமரை கூடையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

சடையன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "இத பாரு பாஞ்சால, ஒன் கழுத்தப் பத்தி நாங்க எதுனா சொன்னமா? எங்கம்மாளுக்கும் இருந்திச்சி. அது கெடக்குது. ஆனா உருவத்த வரைஞ்சி கண்ண அடிச்சி வச்சிருக்காங்களே, இது இன்னா? நம்ம அம்மன் கோயிலுக்குக் குதிர செய்யறாங்க. செஞ்ச கொயவரு கண்ணு தெறக்கறவரைக்கும் அது வெறும் மண்ணு, மூஞ்சிய மூடி வச்சிதான் மேல கொண்டாருவாங்க. ஏன்? கண்ணு தெறக்காத உருவத்துல எது வேணா வந்து குந்திக்கும். ஒன் உருவத்தக் கண்ண மூடி ஊரு ஊரா அனுப்பியிருக்காங்க. எம் மருமவ ஒன் வவுத்துல பொறந்தவ. எங்க வூட்ல அழுவுறா. சாதி சனம் கேக்குது, நான் இன்னா சொல்லட்டும்?"

"யாரோ வேணும்னு பண்ணாப்பல பேசறியே மச்சான். டாக்டரு அப்பிடிப்பட்டவரு இல்ல."

"அவரு நல்லவருதான். எம் பையனுக்கு மஞ்சக் காமாலையில உசுரக் குடுத்தவரே அவருதான். நான் அவரச் சொல்லல. இந்தத் தாளச் சொல்றேன். இது சரியாவற வரைக்கும் கல்யாணப் பேச்சு வேணாம்."

களி சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். வேண்டாம் என்று தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு நடந்தான். சம்பந்தி வீட்டில் கை நனைக்காமல் போவது எதற்கு அடையாளம் என்று செந்தாமரைக்குத் தெரியும். அவள் புளியைப் பொறுக்க மறுபடி குனிந்தாள், அன்றைக்கு முழுக்க நிமிரவே இல்லை.

*

மறுநாள் புளிக்கூடை இல்லாமல் போளூருக்கு இறங்கினார் தீர்த்தகிரி. கொட்டகையில் மிஷின் தடதடத்துக்கொண்டிருந்தது. பாய் காலால் மிதித்தபடி தாளை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

"வாய்யா. இன்னிக்கு உன் நாளு இல்லியே?"

தீர்த்தகிரி தாளை நீட்டினார். "பாய், இது உன் மிசினு அடிச்சதா?"

பாய் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நம்மளுதுதான். மை ஜாஸ்தியாய்ட்டுதுன்னு கழிச்ச தாளு."

"சந்தைக்கு எப்பிடிப் போச்சி?"

"கழிச்ச தாளெல்லாம் வெல்ல மண்டிக்குத்தான் போவுது. எங்க வாப்பா காலத்துலேர்ந்து அப்பிடித்தான். ஏன், இன்னா?"

"இதுல கீறது யாருன்னு தெரியுதா?"

"பேஷண்டு."

"எம் பொண்டாட்டி பாய்."

மிஷின் நின்றது. பாய் இன்னொரு தடவை படத்தைப் பார்த்தார். தீர்த்தகிரி வீட்டுத் தேனும் சீத்தாப்பழமும் வருஷம் தவறாமல் அவர் வீட்டுக்கு வரும். பாஞ்சாலையை அவர் பார்த்ததில்லை.

"எனக்கு எப்பிடிய்யா தெரியும்" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "ஆனா ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. இந்தப் பக்கத்தோட புரூஃப ரெண்டு தரம் மேல அனுப்பினேன். நீதான எடுத்துகினு போன?"

தீர்த்தகிரி மனசுக்குள் கணக்குப் போட்டார். பாஞ்சாலை ரெண்டு தரம் ஏறியிருக்கிறாள், ரெண்டு தரம் இறங்கியிருக்கிறாள். கண்ணைக் கட்டிக்கொண்டு தன் முதுகிலேயே தொங்கியிருக்கிறாள். நடுவில் ஓடையில் இறங்கித் தண்ணீர் குடித்தபோது பையைப் பாறைமேல் வைத்தோமே, அப்போதும் உள்ளேதான் இருந்திருக்கிறாள்.

"நான் முடிச்ச அவுக்கறதில்ல பாய்."

"தெரியும்யா. குந்து. டீ சொல்றேன்."

டீ வந்தது, ஆறிப்போனது.

*

டாக்டர் பஞ்சாட்சரத்துக்கு விஷயம் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அவர் நிலையத்துக்கு முன்னால் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"தீர்த்தகிரி, அது அவங்க மானத்துக்காகப் போட்டதுங்க. படத்துல இருக்கறது யாருன்னு வெளியில தெரியக்கூடாது. உலகம் பூரா அதுதான் வழக்கம். நான்தான் என் கையால மை வச்சேன்."

"பொடவ தெரியுது சார். மரம் தெரியுது. கழுத்து தெரியுது. எட்டிமரத்தூர்ல பாத்ததுமே கண்டுபுடிச்சிட்டாங்க. அந்தப் பாடாவதிப் பட்டயால இன்னா மறைஞ்சிச்சின்னு எனக்குத் தெரியல. எம் பொண்ணு கல்யாணம் நிக்குது."

டாக்டர் சொம்பைக் கீழே வைத்தார். அவருக்கு மனைவி இல்லை, மகன் எங்கோ தூரத்தில். செந்தாமரை பள்ளிக்கூடம் போகும்போது நாளுக்கொரு கொய்யாப்பழம் அவர் மேசையில் வைத்துவிட்டுப் போவாள். ஊரைக் கூட்டச் சொன்னார்.

இரண்டு ஊரும் கூடியது. ஊர்க்கவுண்டர் அர்ச்சுனன் நடுவில். கோரைப்பாய் விரித்துக் கொடுத்தும் அதில் உட்காராமல் டாக்டர் எல்லோரையும் போலத் தரையில் உட்கார்ந்தார். பட்டைக்குக் காரணம் சொன்னார். பாதிப் பேருக்குப் புரிந்தது, புரிந்தவர்களுக்கும் சமாதானமாகவில்லை. தப்பு என்னுடையது, என்ன சொன்னாலும் செய்கிறேன் என்றார்.

"பாஞ்சால, நீ இன்னா சொல்ற?" என்று கேட்டார் கவுண்டர்.

பாஞ்சாலை பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள். "சாரு மேல எனக்குக் கோவம் இல்ல. கேட்டாரு, குந்துனேன். கழுத்தப் படம் புடிக்கவா, மூஞ்சியப் படம் புடிக்கவான்னு அன்னிக்கே கேட்டிருந்தா வெறும் கழுத்தக் காட்டியிருப்பேன். பொட்டு வச்சிகினு போயிருக்க மாட்டேன். இப்ப எங் கண்ணு எனக்கு வேணும்."

கவுண்டர் சடையனைப் பார்த்தார். சடையன் சொன்னான்: "எந்தத் தாளு மூடிச்சோ அந்தத் தாளு தெறக்கட்டும். கண்ணோட வந்ததுன்னா அம்மன்கிட்ட வச்சி கற்பூரம் காட்டிட்டு, அடுத்த நாளே பந்தக்கால் நட்றேன்."

"அடுத்த இதழ்ல போடறேன்" என்றார் டாக்டர். அவரை அறியாமலே அவர் வாயிலிருந்து வந்த வார்த்தை அது.

*

சொல்லிவிட்டாரே தவிர, பத்திரிகை அவர் ஒருவருடையது இல்லை. காகிதம் கொடுத்தது கல்லூரி. நகரத்தில் ஆசிரியர் குழு என்று நாலைந்து பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு எழுதினார். நோயாளியின் முகத்தைக் காட்டுகிற பத்திரிகையில் எங்கள் பெயர் இருக்காது, கல்லூரியின் ஆதரவும் இருக்காது என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னதும் கெட்ட எண்ணத்தில் இல்லை. டாக்டரே பத்து வருஷமாக மாணவர்களுக்குச் சொல்லி வந்த பாடம்தான் அது.

வைகாசி நெருங்கிக்கொண்டிருந்தது. டாக்டரும் தீர்த்தகிரியும் சேர்ந்தே போளூருக்கு இறங்கினார்கள். பதிலைக் கேட்டதும் பாய் தாடியைத் தடவினார்.

"சாரு, ஒரு வழி சொல்றேன். வேலூர்ல படத்தத் தகட்டுல புது பிளாக்கா எடுத்துடலாம், கண்ணோட. தனியா அந்த ஒரு பக்கத்த மட்டும் அஞ்சோ பத்தோ அடிச்சித் தர்றேன். மேல ஒரு பொஸ்தகத்துல தச்சிக் காட்டுங்க. வெளிய போற இதழ்ல அது வேணாம். மலையில யாரு போயி எண்ணிப் பாக்கப் போறாங்க? கல்யாணமும் நடக்கும், பத்திரிகையும் ஓடும்."

டாக்டர் தீர்த்தகிரியைப் பார்த்த பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. தீர்த்தகிரிக்கு அது சரியென்றே பட்டது. யாருக்கும் நஷ்டமில்லை. தானும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். "யோசிச்சி சொல்றேன் சார்" என்று பஸ் ஏறினார்.

வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். பாஞ்சாலை களி போட்டாள். ஒரு வாய் வைத்தவர், அடுத்த உருண்டையைத் தட்டிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் முடிச்சை அவிழ்க்காமல் சுமந்ததற்கு, உள்ளே இருப்பது நியாயமானது என்ற நம்பிக்கைதான் காரணம். இப்போது தெரிந்தே ஒரு பொய்க் கட்டைச் சுமக்க வேண்டும், அதுவும் இவளிடம் கொண்டுவந்து கொடுக்க.

"இன்னாய்யா, உப்பு இல்லியா?"

அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். செந்தாமரை அடுப்படியில் இருந்தாள், அவள் காதில் விழும்படியாகவேதான் சொன்னார்.

பாஞ்சாலை கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்தப் பொஸ்தகம் எங்கெங்க போயிருக்குது?"

"எங்கெங்கயோ. சீமைக்கெல்லாம் போவுதாம்."

"அப்ப இங்க மட்டும் கண்ணத் தொறந்துகினு, அங்கெல்லாம் நான் மூடிகினேதான் நிப்பேனா?"

"அங்க யாரு ஒன்னத் தெரிஞ்சவங்க?"

"ஏன், எங்கையால களி துன்னுட்டுப் போச்சிங்களே, அதுங்க இல்ல? அந்தக் கண்ணாடிக்காரப் பொண்ணு பாக்காதா?"

உள்ளேயிருந்து செந்தாமரை சொன்னாள்: "எப்பா, எனக்காவ அம்மாவ ஏமாத்த வேணாம். அவரு காத்திருப்பாரு. நான் கேட்டுட்டேன்." சின்னராசுவை எப்போது கேட்டாள், எந்த ஓடையோரம் கேட்டாள் என்று அப்பனும் ஆத்தாளும் விசாரிக்கவில்லை.

விடிந்ததும் தீர்த்தகிரி டாக்டரிடம் போய் நின்றார். "தனித் தாளு வேணாமாம் சார். பொஸ்தகத்துலயே வரணுமாம். முடியலன்னா வுட்ருங்க, நாங்க எதுனா பாத்துக்கறோம்."

டாக்டர் உள்ளே போய், தகரப் பெட்டியிலிருந்து ஃபிலிம் சுருளை எடுத்து, ஒரு உறையில் போட்டு, நூல் சுற்றி முடிச்சுப் போட்டார். வழக்கம்போல அது சரியாக விழவில்லை.

"பாய்கிட்ட குடுங்க. வேலூருக்கு அனுப்பச் சொல்லுங்க. பொஸ்தகத்துலயே போடச் சொல்லுங்க. அவங்க பேரையும் போடச் சொல்லுங்க, பாஞ்சாலைன்னு."

*

சித்திரை கடைசியில் அந்த இதழ் வந்தது. படம் முழுப் பக்கத்துக்கு இருந்தது. பாஞ்சாலை விழித்துக்கொண்டிருந்தாள், கண் ஓரத்தில் நீர் கோத்திருந்தது கூட விழுந்திருந்தது. கீழே இங்கிலீஷில் அவள் பெயரும் ஊரும், 'இவர் எங்கள் மாணவர்களுக்குக் கற்பித்தவர்' என்று ஒரு வரியும் இருந்தன. டாக்டர் அதைத் தமிழில் சொன்னபோது பாஞ்சாலை, "நான் எங்க சார் சொல்லிக் குடுத்தேன், அதுங்க முழுங்குன்னாங்க, முழுங்குனேன்" என்றாள்.

அம்மன் முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினார்கள். சடையன் அன்றைக்கு அந்த வீட்டில் இரண்டு உருண்டை களி தின்றான். வைகாசியில் கல்யாணம் நடந்தது. சீர்த்தட்டில் வெற்றிலை, மஞ்சள், புடவையோடு ஒரு மருத்துவப் பத்திரிகையும் ஊர்வலம் போனது அந்த மலையில் அதுவே முதலும் கடைசியும். பாய் குடும்பத்தோடு வந்து பலாப்பழம் தின்றுவிட்டுப் போனார். கழித்த தாள்களை அதற்கப்புறம் அவர் மண்டிக்குப் போடவில்லை, வெந்நீர் அடுப்புக்குத்தான் போட்டார்.

சொன்னபடி காகிதம் வருவது நின்றது. பெரியவர்கள் பெயர்கள் அட்டையிலிருந்து போயின. பத்திரிகை உடனே சாகவில்லை. கல்யாணப் பத்திரிகைக்கும் சினிமா நோட்டீசுக்கும் வாங்கி மிஞ்சிய தாளில் பாய் அதை அடித்தார். ஒரு இதழ் ரோஸ் நிறத்தில் வரும், ஒரு இதழ் மஞ்சளில். ஒரே இதழில் முன்பாதி பச்சையும் பின்பாதி ஊதாவுமாகக்கூட வந்ததுண்டு. சீமையிலிருந்து ஒரு வாத்தியார், இந்த நிறங்களுக்கு ஏதாவது அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருந்தாராம். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்படி ஒரு நாலைந்து வருடம் ஓடியது. தீர்த்தகிரி அந்த வருடங்களைத்தான் பிற்பாடு அடிக்கடி நினைத்துக்கொள்வார். பையைத் திறக்காமலே, ஓரத்தில் எட்டிப் பார்க்கிற நிறத்தை வைத்து, போன வாரம் போளூரில் யார் வீட்டுக் கல்யாணம் என்று சொல்லிவிடலாம்.

எண்பத்து நாலில் டாக்டர் உடம்புக்கு முடியாமல் மகனோடு போனார். பயிற்சி நிலையத்தைப் பூட்டினார்கள். பிள்ளைகள் வருவது நின்றது. பத்திரிகையும் நின்றது.

*

அதற்கடுத்த புளிக்காலம். புளியைப் போட்டுவிட்டு, கால் போன பழக்கத்தில் தீர்த்தகிரி கொட்டகைக்குப் போனார். தோளில் பை வெறுமனே தொங்கியது. இங்கிலீஷ் எழுத்துப் பெட்டிகளைப் பாய் ஒரு மூலையில் அடுக்கியிருந்தார்.

"யாரு கேக்கப் போறா இனிமே" என்றார் பாய். "எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன். வேணும்ன்றப்ப 'ஈ' இல்ல, இப்ப பொட்டி நெறைய கெடக்குது."

உள்ளே போய், சணலில் கட்டிய ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து வந்தார். கனமாக இருந்தது.

"யாருக்கு பாய்? டாக்டருதான் இல்லியே."

"உனக்குத்தான்யா. பட்ட போட்டத அன்னிக்கே உடைச்சிப் போட்டுட்டேன். இது நல்லது."

பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மலை ஏறும் வளைவில் கை தானாகச் சணலைத் தேடியது. எத்தனை வருஷம் இதே வளைவில் பாயின் இரட்டை முடிச்சைத் தடவியிருக்கிறார். இது தன்னுடைய முடிச்சு என்று நினைத்துக்கொண்டதும், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவிழ்த்தார். மரக்கட்டையில் அறைந்த துத்தநாகத் தகடு. இடவலம் மாறி, மை காய்ந்து, முகம் சரியாகப் பிடிபடவில்லை. கண்கள் இருக்கும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

வீட்டில் பாஞ்சாலை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு விளக்குக் கரியில் ஆமணக்கெண்ணெயைக் குழைத்துத் தகட்டின்மேல் தடவி, வெள்ளையடித்த சுவரில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி எடுத்தாள். பலாமரம் வந்தது, பொட்டு வந்தது, சிமிட்டாத கண் வந்தது, கழுத்தின்மேல் கண்ணாடிக்காரப் பெண்ணின் பத்து விரலும் வந்தன.

"இன்னா பண்ணுதோ அந்தப் பொண்ணு" என்றாள்.

"பெரிய டாக்டரா இருக்கும்."

பாஞ்சாலை சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரும் சொல்லாமலே ஒருமுறை எச்சிலை விழுங்கினாள்.